கோபத்தில் எழும்பிய தோணிப்பாய்

“தூத்துக்குடிக்காரருக்குக் கடல் தெரியும், உப்பு தெரியும், ஆகாயம் மட்டும் தெரியாது. காற்றாடிக்கு மேல் அந்த ஊர் எதையும் பறக்கவிட்டதில்லை.”

சென்ற மாதம் இதே பத்திரிகையின் வாசகர் பகுதியில் வந்த கடிதத்தில் உள்ள வரிகள் இவை. எழுதியவர் ஓய்வுபெற்ற அதிகாரி. பொழுதுபோக்குக்காக விமானம் ஓட்டியவர்களைப் பற்றிய ஒரு கட்டுரையைப் பாராட்டிவிட்டு, போகிற போக்கில் எங்கள் ஊருக்கும் ஒரு குட்டு வைத்திருக்கிறார். கடிதத்தைக் கத்தரித்து, ஓரத்தில் தேதி குறித்து வைத்திருக்கிறேன். அன்றைக்குக் குடிக்காமல் வைத்த காபி ஆறிப்போயிற்று. நான் இன்னும் ஆறவில்லை.

அந்த அதிகாரிக்குச் சொல்கிறேன்: தூத்துக்குடிக்காரர் ஒருவர் பறந்தார், ஐயா. எஞ்சின் இல்லை, பெட்ரோல் இல்லை, லைசென்ஸ் இல்லை. உலகத்தில் விமானம் செய்தவர்கள் எல்லோரும் காற்றையும் கணக்கையும் நம்பினார்கள். கோபத்தை எரிபொருளாக ஊற்றிப் பறந்த ஒரே மனிதர் எங்கள் கச்சான் அண்ணாச்சிதான்.

கச்சான் என்பது எங்கள் கரையில் ஒரு காற்றின் பெயர். ஆடி மாதம் மேற்கிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு வந்து கண், காது, சோற்றுப்பானை எதையும் விடாமல் அடிக்கும். அந்தக் காற்றாவது ஆவணிக்குப் பிறகு தணியும். அண்ணாச்சி பன்னிரண்டு மாதமும் அடிப்பார். அவருடைய ஞானஸ்நானப் பெயர் அவர் மனைவிக்கும் மாதாவுக்கும் மட்டும்தான் தெரியும். இருவருமே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

தொழில், தோணிகளுக்குப் பாய் தைப்பது. கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணிகளின் பெரிய பாய்களெல்லாம் கடற்கரைச் சாலையில் இருந்த அவருடைய கொட்டகையில்தான் உருவாகும். பாயை விரித்துப்போட்டு நடுவில் உட்கார்ந்து, உள்ளங்கையில் தோல்பட்டை மாட்டி, விரல் தடிமனுள்ள ஊசியால் தைத்துக்கொண்டே உலகத்தைத் திட்டுவார். காக்கையைத் திட்டுவார். நூலைத் திட்டுவார். ஒருநாள் ஊசி கையில் குத்திவிட்டது. அந்த ஊசியைத் தகர டப்பாவில் போட்டு மூடி, “உள்ள கெடந்து புத்தி வரட்டும்” என்று ஒரு வாரம் அதற்கு வேலை கொடுக்காமல் வைத்திருந்தார்.

கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோபம் தலையான பாவங்களில் ஒன்று என்று சாமியார் பிரசங்கம் செய்தார். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது.

“சாமி, சாடமாடையாச் சொல்லாதிய. பேரச் சொல்லியே பிரசங்கம் பண்ணுங்க!”

சொன்னவர் யார் என்று பார்க்க யாரும் திரும்பவில்லை. அவசியமில்லை.

நான் அப்போது அவருடைய கொட்டகைக்கு அடுத்த கட்டடத்தில், கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. கப்பல்களிலிருந்து கழித்துப்போடும் ஆங்கிலப் பத்திரிகைகளை ஒன்றுவிடாமல் படிப்பேன். நான் சொல்லப்போவது 1946இல் நடந்தது. வருடத்தில் எனக்குச் சந்தேகம் கிடையாது: யுத்தம் முடிந்த மறு வருடம், துணிக் கட்டுப்பாடு இன்னும் நீங்காத வருடம்.

அந்தக் கோடையில் சென்னையிலிருந்து ஒருவர் சின்ன விமானம் ஓட்டிக்கொண்டு வந்தார். உப்பளத்தை ஒட்டிய கெட்டித் தரையில் இறக்கி, காசு கொடுத்தவர்களை ஏற்றி ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். கோட்டு, தொப்பி, கறுப்புக் கண்ணாடி. நம்மவர்தான், ஆனால் தமிழில் பேசினால் விமானத்துக்குக் கௌரவக் குறைவு என்று நினைத்திருக்க வேண்டும். ஊரே திரண்டு போய் முன்னால் சுழலும் விசிறியை வாய்பிளந்து பார்த்தது. கச்சான் மட்டும் விசிறியைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராகப் போய் இறக்கையைத் தட்டினார்.

“ஏலே கிளார்க்கு! இது துணிலே!”

“ஆமா அண்ணாச்சி. வார்னிஷ் அடிச்ச துணி.”

“என்னமோ இரும்புல பறக்கான்னு நெனச்சேன். பாயக் கட்டிக்கிட்டா இம்புட்டு ஆட்டம் போடுதான்?” குனிந்து தையலைப் பார்த்தார். முகம் சிவந்தது. “இது தையலாலே? கல்யாணப் பந்தல்லகூட இதவிட நெருக்கமாத் தைப்பான். பாரு, இழுத்தா வருது.”

இழுத்தார். வந்துவிட்டது.

உடனே சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, தார் பூசிய தோணி நூலைக் கோத்து, அங்கேயே தைக்க ஆரம்பித்துவிட்டார். அந்த ஊசியின் தடிமனைப் பார்த்த விமானி போட்ட கூச்சலில் எஞ்சின் சத்தம் அடங்கிப்போயிற்று. போலீஸ்காரர் வந்து அண்ணாச்சியை இழுத்துக்கொண்டு போனார். போகும்போது விமானி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

“என்னலே சொல்லுதான்?”

“பாய் தைக்கிறவர் பாயோட இருந்தா நல்லதாம் அண்ணாச்சி.”

“மீதியையும் துப்புலே. அவன் நெறயச் சொன்னான்.”

“ஆகாயம் படிச்சவங்களுக்குன்னு சொல்லுதாரு.”

ஊரே கேட்கும்படி அவர் ஒரு பதில் சொன்னார். அதை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை, எனக்கும் எரிந்தது. கழித்துப்போட்ட ஒரு பத்திரிகையில் எஞ்சினே இல்லாத விமானத்தின் படம் வந்திருந்தது. கிளைடர் என்பார்கள். ஓர் இறக்கை, ஒரு வால், நடுவில் வெறும் பலகையில் ஓர் ஆசனம். ஐரோப்பாவில் மலைச் சரிவின் உச்சியில் அதை நிறுத்தி, கொக்கியில் கயிறு மாட்டி, ஒரு கூட்டம் எதிர்காற்றில் இழுத்துக்கொண்டு ஓடும். கிளைடர் எழும்பியதும் கயிறு தானே கழன்று விழுந்துவிடும். அதன் பிறகு காற்றின் பாடு, ஓட்டுகிறவன் பாடு. படத்தைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“இதுல மோட்டாரு இல்ல. காசு புடுங்க ஆளு இல்ல. அந்தக் கறுப்புக் கண்ணாடிப் பயலும் இல்ல. இதாம்லே நமக்கு.”

மூங்கில் கிடைத்தது, சவுக்குக் கம்பு கிடைத்தது. துணிக்குத்தான் வழியில்லை. கட்டுப்பாட்டுக் காலத்தில் பெர்மிட் இல்லாமல் ஒரு முழம் கித்தான் துணி வாங்க முடியாது. ஆனால் அவருடைய கொட்டகையில் ஒரு பெரிய கித்தான் சுருள் இருந்தது. ஒரு தோணி முதலாளி புதிதாகக் கட்டிய தோணிக்குப் பெர்மிட்டில் வாங்கி, பாய் தைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தது. கச்சான் அடிக்கும் மாதங்களில் தோணிகள் கரையேறிக் கிடக்கும். காற்றுத் தணிந்த பிறகுதான் பாய் விரிப்பார்கள். அண்ணாச்சி கணக்குப் போட்டார்: இப்போது அகலத் தையலில் இறக்கையாகத் தைப்பது, பறப்பது, பிறகு பிரித்துப் பாயாகத் தைத்துக் கொடுப்பது. முதலாளியிடம் கேட்பது என்பது அந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை.

வீட்டில் இருந்த கயிறெல்லாம் கிளைடருக்குப் போயிற்று.

“கட்டில் கயித்தையும் உருவிட்டியளே, இனி நான் எங்கன படுக்க?” என்றார் அவர் மனைவி.

“ரெக்கைல படு.”

“படுத்திருக்கையில நீங்க பறந்துட்டா? அங்கயும் ஒங்க ஏச்சக் கேக்கணுமா நான்?”

கிளைடர் உருவானதும் ஆசனத்துக்குக் கீழே மணல் மூட்டைகளை அடுக்கிக் கட்டினார். எதற்கு என்று கேட்டேன்.

“அடிப்பாரம் இல்லாமத் தோணி உருண்டுரும்லா? இது மட்டும் உருளாதா?”

“அண்ணாச்சி, இது மேல போகணும்.”

“மேல போயி உருண்டா?”

மூட்டைகளை இறக்கவைக்க எனக்கு ஒரு வாரமும் தொண்டையும் செலவாயின. கடைசிவரை ஒரு சின்ன மூட்டையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அதை எனக்குத் தெரியாமல் மடியில் கட்டியிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

விஷயம் முதலாளி காதுக்கு எட்டியது. பருத்த உடம்பு, குதிரைவண்டியிலிருந்து அவர் இறங்கினால் குதிரை பெருமூச்சு விடும். கொட்டகைக்குள் நுழைந்து, தன்னுடைய பாய் இரண்டு பக்கமும் இறக்கையாக விரிந்து நிற்பதைப் பார்த்தார்.

“என் பாய என்ன வே பண்ணி வச்சிருக்கீரு?”

“படுக்கப் போட்டிருக்கேன். ஒம்ம தோணில நிக்க வைப்பேன்.”

அடுத்து நடந்த சண்டையைக் கேட்க மீன் ஏலத்தையே நிறுத்திவிட்டு ஆட்கள் வந்தார்கள். இருவரும் தொண்டை கட்டும்வரை கத்தினார்கள். முதலாளி கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்:

“சனிக்கிழம பொழுது அடையதுக்குள்ள என்னத்தையும் பறந்துக்கிடும். அப்பொறம் நான் நிக்கையிலேயே தையலப் பிரிச்சுரணும். எடையில துணி கிழிஞ்சிதுன்னா இந்தக் கரையில ஒரு தோணிப் பாயும் ஒம்ம கொட்டகைக்கு வராது. நான் வர விடமாட்டேன்.”

அவர் சொன்னால் செய்கிறவர். பாய் வராவிட்டால் அண்ணாச்சிக்கு வேறு தொழில் கிடையாது. வேறு தொழிலில் அவரை யாரும் ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்கவும் மாட்டார்கள்.

“சனிக்கிழமை வரைக்கும் ஏன் விட்டீங்க முதலாளி?” என்று நான் பின்னால் ஓடிக் கேட்டேன்.

வண்டியில் ஏறியபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். “அந்தப் பிளேன்காரன் என்னையும் பாரம் ஜாஸ்தின்னு எறக்கிவிட்டாம்லே. ஊரு பாக்க.”

பறக்க மேடு வேண்டும். தூத்துக்குடி உள்ளங்கை மாதிரித் தட்டை. திருச்செந்தூர்ப் பக்கம் உள்ளே தள்ளிப் போனால் தேரி இருக்கிறது. செம்மணல் குன்று குன்றாகக் குவிந்து, இடையிடையே பனையும் முள் நிறைந்த உடைமரமும் நிற்கும் காடு. முதன்முதல் விமானம் பறக்கவிட்ட அமெரிக்கச் சகோதரர்களும் மணல்மேட்டில்தான் பழகினார்கள் என்று நான் படித்திருந்தேன். இறக்கையைக் கழற்றி மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு போனோம். முதலாளி தன் வண்டியில், குடையோடு, தன் பாய்க்குக் காவலாக வந்தார். அண்ணாச்சியின் மனைவி கட்டுச்சோறும் ஜெபமாலையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

இழுப்பதற்குத் தண்டலும் அவனுடைய ஆட்களும். தோணியை ஓட்டிப்போகும் தலைவனைத் தண்டல் என்பார்கள். இந்தத் தண்டல் அண்ணாச்சியின் மனைவிக்குத் தம்பி, நல்ல குரல். தோணி கரையேறிக் கிடந்ததால் எல்லோரும் சும்மா இருந்தார்கள்.

உச்சியில் கிளைடரை நிறுத்தினோம். மேற்கிலிருந்து கச்சான் மணலை முகத்தில் வீசியது. அண்ணாச்சி ஆசனத்தில் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டார். நான் பத்திரிகையில் படித்ததைத் தமிழில் கத்தினேன்: “நட! ஓடு!”

யாரும் நகரவில்லை.

“பாட்டு இல்லாம எப்படி இழுக்க?” என்றான் தண்டல்.

எங்கள் கரையில் தோணியை இழுப்பதானாலும் வலையை இழுப்பதானாலும் அம்பாப் பாட்டு வேண்டும். முன்னால் ஒருவன் ஒரு வரி பாடுவான். மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கி ஒரே மூச்சாக இழுப்பார்கள். பிறகு கயிற்றை விட்டுப்பிடித்து மூச்சு வாங்குவார்கள். அடுத்த வரி. தோணிக்கு இது போதும். மூச்சு வாங்கும் நேரத்தில் தோணி இருந்த இடத்திலேயே இருக்கும்.

கிளைடர் இருக்கவில்லை. தண்டல் பாடினான், ஏலேலோ என்றதும் இரண்டடி எழும்பிற்று. மூச்சு வாங்கினார்கள், தொப்பென்று விழுந்தது. அடுத்த வரி, எழும்பிற்று, மூச்சு, விழுந்தது. சரிவு முழுக்கத் தவளை மாதிரிக் குதித்துக்கொண்டே போய் அடியில் நின்றது. பாட்டு மிக இனிமையாக இருந்தது. நடுநடுவே “பாட்ட நிறுத்துங்கலே” என்று அண்ணாச்சி போட்ட கூச்சலும் தாளத்துக்குச் சரியாகவே விழுந்தது.

மறுபடி உச்சிக்குத் தூக்கிவந்து, பாட்டில்லாமல் இழுக்கச் சொன்னோம். ஆளாளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தார்கள். கிளைடர் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தது.

“பிரார்த்தனை சொல்லி இழுங்களேன்” என்றார் அண்ணாச்சியின் மனைவி. மாதா பிரார்த்தனை சொன்னார்கள். அவர் மாதாவின் பட்டப்பெயர் ஒன்றைச் சொல்ல, “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று எல்லோரும் பதில் சொல்லி இழுத்தார்கள். அதிலும் இடைவெளி உண்டு. ஒவ்வொரு வேண்டிக்கொள்ளுமுக்கும் கிளைடர் பக்தியோடு முழந்தாளிட்டது.

சனிக்கிழமைப் பொழுது சாய்ந்தது. பனைநிழல் நீண்டது. முதலாளி குடையை மடக்கினார்.

“போதும் வே. எறங்கும். தையலப் பிரியும்.”

நாங்கள் நாலாவது தடவையாக உச்சியில் நின்றோம். அண்ணாச்சி ஆசனத்தில் இருந்தபடி பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை. பிறகு மிகவும் மெதுவாக, கிட்டத்தட்ட மரியாதையாகவே சொன்னார்:

“ஏலே தண்டலு. ஒங்க மேல குத்தம் இல்ல. ஒங்களால இழுக்க முடியாது. கடசியா மாதா தேரு ஓடினப்ப, நீங்கதான் முன்வடம் புடிச்சு இழுத்தியன்னு ஊரு பூராவும் சொல்லுது. நான் பொறத்தால நின்னு பாத்தவன். ஒரு பய இழுக்கல. மாதா தானா நடந்து போனா. நீங்க வடத்தப் புடிச்சுத் தொங்கிக்கிட்டுப் போனிய.”

தேர்வடம் பிடித்த கை என்பது எங்கள் கரையில் ஒரு குடும்பத்துக்கே பட்டம் மாதிரி. தண்டல் ஓரடி முன்னால் வந்தான்.

“மாதா நடந்தது நெசந்தான் மச்சான். ஆனா நாங்களும்…”

“ஆனா என்னலே ஆனா? மாதாவால தனியா நடக்க முடியாதோ? நீ தள்ளிவிடணுமோ?”

இதற்கு யார் என்ன பதில் சொல்வது? இல்லை, நாங்கள்தான் இழுத்தோம் என்றால் மாதாவுக்குக் குறை. ஆமாம் என்றால் தங்களுக்குக் குறை. வாயில் பதில் வராத கோபம் காலில் இறங்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். தண்டல் கயிற்றைக் கையில் சுற்றினான். பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னான்:

“வாங்கலே. கீழ அந்த உடமுள்ளுக்குள்ள கொண்டுபோயித் தள்ளுவோம் இவர.”

பாட்டு இல்லை. பிரார்த்தனை இல்லை. மூச்சு வாங்கல் இல்லை. அத்தனை பேரும் ஒரே ஆளாக, முள்மரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, சரிவில் இறங்கி ஓடினார்கள். கயிறு கம்பிபோல் விறைத்தது. கிளைடர் ஒருமுறை மணலை உரசியது. அடுத்த கணம் அதற்கும் மணலுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. கயிறு கழன்று விழுந்தது. இழுத்தவர்கள் ஒருவர்மேல் ஒருவராகக் குப்புற விழுந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே, முள்மரத்தின் உச்சியை உரசிக்கொண்டு, பனைகளுக்கு இடையே முதலாளியின் பாய் கச்சானை வயிறு நிறைய வாங்கிக்கொண்டு போயிற்று. மேலேயிருந்து குரல் கேட்டது:

“இப்பமும் நீங்க இழுக்கலலே! காத்துதாம்லே!”

பனந்தோப்பைத் தாண்டி மணலில் இறங்கினார். அடிக்கத்தான் எல்லோரும் ஓடினார்கள். நானே பார்த்தேன், தண்டல் கையில் பனைமட்டை இருந்தது. போய்ப் பார்த்தபோது அண்ணாச்சி ஆசனத்தில் உட்கார்ந்து மடியிலிருந்த மணல்மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணில் மணல் விழுந்துவிட்டது என்று சொன்னார். இரண்டு கண்ணிலும். தண்டல் மட்டையைக் கீழே போட்டான். அடிக்கப் போனவர்கள் அவரை ஆசனத்தோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். வழி முழுக்க, சரியாகத் தூக்கத் தெரியவில்லை என்று திட்டிக்கொண்டே வந்தார்.

முதலாளி துணியைத் தடவித் தடவிப் பார்த்தார். முள் கிழித்த ஓட்டை ஒன்று இருந்தது.

“என் பாயில ஓட்ட.”

“பறந்த பாய் வே. வேற எவன் தோணில இருக்கு?”

முதலாளி ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். “ஒட்டுப் போடும்போது நல்லாத் தெரியிறாப்புலப் போடும்” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

தையலை அங்கேயே பிரித்தார்கள். காற்றுத் தணிந்ததும் அந்த இறக்கை பாயாக மாறிக் கொழும்புக்குப் போயிற்று. நடுவில் பளிச்சென்று ஓர் ஒட்டு. பல வருடம் அது போய்வந்ததை ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். கிளைடருக்கு மறுபடி துணி கிடைக்கவில்லை. சென்னை விமானி வந்துபோனதைப் படத்தோடு போட்ட பத்திரிகைக்கு நான் இந்தச் செய்தியைத் தேதியோடு எழுதி அனுப்பினேன். அவர்கள் போடவில்லை. பாய் தைக்கிறவர் பறந்தால் அது செய்தியில்லை போலும். அன்று அவர்கள் போடாததால்தான் இன்று ஓர் அதிகாரி ஆகாயம் தெரியாத ஊர் என்று துணிந்து எழுதுகிறார். அன்றைய கோபத்தையும் சேர்த்துத்தான் இன்று எழுதியிருக்கிறேன்.

எவ்வளவு தூரம் பறந்தார் என்று யாரும் அளக்கவில்லை. எவ்வளவு நேரம் என்பதற்கு அவர் மனைவியின் சாட்சி உண்டு: விசுவாசப் பிரமாண ஜெபத்தை ஆரம்பித்து ஆமென் சொல்கிற நேரம். வேகமாகச் சொன்னாரா, மெதுவாகச் சொன்னாரா என்று கேட்டேன். பயத்தில் சொன்னேன் என்றார்.

எனக்குத் தெரியவேண்டியது வேறொன்று. தேரைப் பற்றி அவர் சொன்னது கோபத்தில் வந்ததா, அல்லது இழுக்கிறவர்களுக்குக் கோபம் வரட்டும் என்று யோசித்துச் சொன்னதா? அவரிடமே கேட்டேன். “போலே” என்றார். அவர் மனைவியிடம் கேட்டேன். “கோவம் வந்தா அவரு யோசிக்க மாட்டாரு. யோசிச்சா கோவம் வராது. அன்னைக்கு ரெண்டும் சேந்து வந்துதோ என்னவோ” என்று சிரித்தார். அடுத்த முறை தேர் ஓடியபோது அவர் முன்வடத்தில் தண்டலுக்குப் பக்கத்தில் நின்று, ஊரையே திட்டியபடி, கை தோல் உரிய இழுத்ததைப் பார்த்தேன். அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. ஆகவே இந்த ஒன்றை மட்டும் சரிபார்க்கப்படாத தகவலாகவே விட்டுவிடுகிறேன்.

ஆனால் ஆடிக்காற்றில் வெளியே யாராவது உரக்கத் திட்டுகிற சத்தம் கேட்டால், இந்த வயதிலும் நான் முதலில் அண்ணாந்துதான் பார்க்கிறேன்.